புள்ளிக்கு எத்தனை எழுத்து

போன வருஷம் எங்கள் வீட்டில் யாராவது ‘மொழி’ என்று வாயெடுத்தால், அது என் காதில் ஒன்றாகவும் என் மனைவியின் காதில் வேறொன்றாகவும் விழுந்துகொண்டிருந்தது. அவளுக்கு மொழி என்றால் பிரெஞ்சு. நான் படிக்க வேண்டிய, படிப்பதாக வாக்குக் கொடுத்திருந்த, புத்தகத்தின் அட்டையைக்கூட இன்னும் திருப்பாத பிரெஞ்சு. எனக்கு மொழி என்றால் பைத்தானா, சி பிளஸ் பிளஸ்ஸா, ஜாவாஸ்கிரிப்டா என்ற கேள்வி. செல்போனில் ஆடுகிற ஒரு சின்ன விளையாட்டை நானே எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதை எந்தக் கணினி மொழியில் எழுதுவது என்று முடிவு செய்வதிலேயே மாதங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

பிரெஞ்சு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மாமனார் பிரான்ஸ் ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் அவர்களைச் ‘சொல்தா’ என்போம். சொல்தா வீட்டுப் பிள்ளைகள் என்பதால் என் மனைவிக்கும் அவள் அக்காவுக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. அக்கா கல்யாணமான கையோடு அங்கே போய்விட்டாள். அவள்தான் தங்கைக்கு ஒரு முதியோர் இல்லத்து அலுவலகத்தில் வேலை பார்த்து வைத்திருந்தாள். என் மனைவிக்கு அந்த வேலை மேல் உயிர். சின்ன வயதிலிருந்து காதால் கேட்டே வளர்ந்த தேசம், ஒரு தடவையாவது அங்கே சொந்தக் காலில் நின்று பார்த்துவிட வேண்டும் என்பாள். இல்லத்துக்காரர்கள் அவள் பதிலுக்குக் காத்திருந்தார்கள். அவள் என் பதிலுக்குக் காத்திருந்தாள். நான் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. “மொதல்ல பிரெஞ்சு படிச்சுக்கிறேன்” என்று சொல்லி வைத்திருந்தேன்.

எனக்கு வாய்தான் பிழைப்பு. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கோரிமேட்டில், பெரிய ஆஸ்பத்திரியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருக்கும் ஒரு ஸ்கேன் சென்டரில் முன்மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். விழுப்புரம், திண்டிவனம், கடலூர் என்று பஸ் பிடித்து வருகிறவர்கள் முதலில் என்னிடம்தான் வந்து நிற்பார்கள். அவர்கள் பேரைக் கம்ப்யூட்டரில் தட்டுவது கொஞ்ச நேர வேலை. மீதியெல்லாம் பேச்சு. “உள்ள போனா மூச்சு முட்டுமா தம்பி?” என்று பயந்து கேட்கிறவரை உட்காரவைத்து, எந்த ஊர், என்ன பயிர், பஸ்ஸில் சீட் கிடைத்ததா என்று கதை பேசி, சிரிக்கவைத்து உள்ளே அனுப்புவேன். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. டாக்டர் வராவிட்டால்கூடச் சமாளித்துவிடலாம், நான் லீவு போட்டால்தான் கூச்சல் கிளம்பும் என்று எங்கள் முதலாளியே சொல்லியிருக்கிறார்.

விளையாட்டு ஆசையை மூட்டியவர் மாமனார். தினமும் சாயங்காலம் கடற்கரைப் பக்கம் பெத்தாங்க் ஆடப் போவார். தெரியாதவர்களுக்காக: ஒரு சின்ன மரக்குண்டை முதலில் உருட்டிவிட வேண்டும். பிறகு இரண்டு கட்சியும் மாற்றி மாற்றி இரும்புக் குண்டுகளை வீசும். யாருடைய குண்டு மரக்குண்டுக்குக் கிட்டே நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. எதிராளியின் குண்டை அடித்துத் துரத்தவும் செய்யலாம். பெரியவர்கள் கோலி ஆடுவது மாதிரிதான், ஆனால் மாமனார் காதில் அப்படிச் சொல்லிவிடக் கூடாது. மழைக்காலத்தில் மைதானம் சேறாகிவிட்டால் மனிதர் கூண்டில் அடைத்த மாதிரி வீட்டையே சுற்றிச் சுற்றி வருவார். அதைப் பார்த்துத்தான், செல்போனிலேயே ஒரு பெத்தாங்க் எழுதிக் கொடுத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது.

நானும் மனைவியும் ஒரே கல்லூரியில் கணினி படித்தவர்கள். அந்தப் பழக்கத்தில் தனியாக இருக்கும்போது என்னை அவள் ‘நீ’ என்பாள். மாமனார் படியேறும் சத்தம் கேட்டதும் ‘நீங்க’ ஆகிவிடும். படிப்பு முடிந்ததும் அவள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்துக்குப் போனாள், நான் ஸ்கேன் சென்டருக்கு வந்தேன். படித்ததையெல்லாம் இரண்டு பேருமே துணி மடித்து வைப்பது போல மடித்து வைத்துவிட்டோம். எனக்கு மட்டும் கேம் எழுதும் ஆசை போகவில்லை.

முதலில் சி பிளஸ் பிளஸ்ஸைத் தூசி தட்டினேன். கல்லூரியில் கண்ணீர் விட்டுப் படித்தது. ஓர் அரைப்புள்ளியை விட்டுவிட்டால் திரை முழுக்கத் திட்டித் தீர்க்கும், எந்த இடத்தில் விட்டேன் என்பதை மட்டும் ஒழுங்காகச் சொல்லாது. எங்கள் பழைய வாத்தியார் ஒருவர் ஞாபகத்துக்கு வந்து பயமுறுத்தியதால் மூடி வைத்தேன்.

அடுத்து பைத்தான். பேருக்கு மலைப்பாம்பு, பழக்கத்துக்குப் பசுமாடு. எதைச் சொன்னாலும் புரிந்துகொண்டது, குண்டு உருண்டது, எனக்கு உச்சி குளிர்ந்தது. ஆனால் அதைச் செல்போனுக்குள் நுழைப்பதற்குள் தலையால் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. எங்கள் சென்டருக்குக் கம்ப்யூட்டர் பார்க்க வருகிற பையன், “இன்னும் பைத்தானா சார்? இப்ப எல்லாரும் ரஸ்ட்” என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றைக்கே ரஸ்டுக்குத் தாவினேன். அது போலீஸ் ஸ்டேஷன் மாதிரி. இந்தக் குண்டை யாரிடம் கொடுத்தாய், அவர் திருப்பித் தந்தாரா, தருவதற்குள் நீ ஏன் அதில் கை வைத்தாய் என்று கேள்விக்கு மேல் கேள்வி. எனக்குச் சொந்தமான குண்டை நான் தொடுவதற்கு அனுமதி கேட்டு அலுத்துப்போனேன்.

பிறகு லுவா. அது பிடித்துப்போனதற்கு ஒரே காரணம், தெரிந்தவர்கள் யாருக்கும் அது தெரியவில்லை. மற்ற மொழிகள் சுழியத்திலிருந்து எண்ணும்போது இது மனுஷ லட்சணமாக ஒன்றிலிருந்து எண்ணியது. அதில் கொஞ்ச நாள் குடித்தனம் நடத்தினேன். ஜாவாஸ்கிரிப்டையும் எட்டிப் பார்த்தேன். அதில் ஒன்றையும் ஒன்றையும் கூட்டினால் சில சமயம் பதினொன்று வந்தது. ஒரு ஒன்றை எண்ணாகவும் இன்னொரு ஒன்றை எழுத்தாகவும் எடுத்துக்கொண்டு, பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவைத்துவிட்டது. மாமனார் ஒரே வீச்சில் பதினொரு புள்ளிக்குப் போனால் அவருக்குச் சந்தோஷம்தான், எதிராளி சும்மா இருப்பாரா?

இப்படி மொழி மாறும்போதெல்லாம் நான் முதலில் எழுதியது திரையில் ஒரு வட்டம். அதுதான் குண்டு. வட்டம் போட்டு முடிப்பதற்குள் வேறு மொழியைப் பற்றி யாராவது பெருமையாக எழுதியிருப்பதைப் படித்துவிடுவேன். மறுபடி வட்டம். மூலக்குளத்தில் நாங்கள் குடியிருக்கும் மாடி வீட்டில் வட்டத்துக்கு மட்டும் பஞ்சமே இல்லை.

ஒரு நாள் எங்களைப் பார்க்க மாமனார் படியேறி வந்து என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

“என்னா மாப்ள, எப்பப் பாத்தாலும் பொட்டி முன்னாடியே?”

“மொழி பாத்துக்கிட்டு இருக்கேன் மாமா. எது நமக்கு ஒத்து வரும்னு.”

“ஓ. எத்தினி பாத்தீங்க?”

“நாலஞ்சு பாத்துட்டேன் மாமா. ஒண்ணு கையில வந்த மாதிரி இருக்கும், உடனே நழுவிடுது.”

“வரும் வரும். போகப் போக வரும். வுவாலா, அவ்ளோதான்” என்று முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். அவர் கண் பளபளத்தது ஏன் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. நேராகப் பெத்தாங்க் மைதானத்துக்குப் போய், தன் மாப்பிள்ளை பிரான்சுக்குப் போவதற்காக ஒன்றுக்கு நாலு மொழி படிக்கிறார் என்று சொல்லியிருக்கிறார். அதோடு விட்டாரா? பிரான்சுக்கும் போன் போட்டுவிட்டார்.

அந்த வாரமே மனைவியின் அக்கா வீடியோவில் வந்தாள். நல்ல பெண்மணி, வெள்ளந்தி, என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள்.

“அப்பா சொன்னாரு தம்பி, விடாமப் படிக்கிறீங்களாமே. எதுவரைக்கும் வந்திருக்கீங்க?”

கேமைத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். திரும்பத் திரும்ப ஒரே வேலையைச் செய்யவைக்கும் பகுதிக்கு லூப் என்று பேர். அன்றைக்கு எனக்கு அது சிக்கல் கொடுத்துக்கொண்டிருந்தது.

“லூப்புல நிக்கிறேன்க்கா. அதுல மாட்டிக்கிட்டு வெளிய வர முடியல.”

“லூப்பா? பூதக்கண்ணாடிதானே?” என்றாள் அவள். “அதுல என்னா கஷ்டம் தம்பி? ‘லா லூப்’. பிரெஞ்சுல அது பொம்பளைப் பேரு. அதை ஞாபகம் வெச்சுக்கிட்டாப் போதும்.”

செல்போனைப் பிடித்துக்கொண்டிருந்த என் மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் போனை ஆட்டியதில், அக்காவுக்கு எங்கள் வீட்டு ஃபேன் தெரிந்திருக்கும். நான் அசடு வழிந்துகொண்டு “சரிக்கா, ஞாபகம் வெச்சுக்கிறேன்” என்றேன். போனை வைத்த பிறகும் மனைவி கொஞ்ச நேரம் சிரித்தாள். பிறகு நிறுத்திவிட்டாள்.

“அக்கா நம்பிக்கிட்டு இருக்கா” என்றாள். “நானுந்தான்.”

நான் வட்டத்துக்குத் திரும்பிவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் முடிவுக்கு வந்தாள். தன் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

“இன்னைக்கு ஒரு மொழி. ஒண்ணே ஒண்ணு. நானும் எழுதறேன். இதை முடிச்சுட்டு அடுத்த மொழிக்குப் போவோம்” என்றாள். அடுத்த மொழி எது என்று விளக்க வேண்டிய அவசியமே இல்லை.

“லுவா…” என்று ஆரம்பித்தேன்.

“ஜாவாஸ்கிரிப்ட்” என்றாள். “எங்கப்பாவுக்கு எதையும் எறக்கவும் தெரியாது, ஏத்தவும் தெரியாது. தட்டுனா தெறக்கணும். அது இதுலதான் முடியும்.”

இத்தனை மாதமாக நான் மண்டையைப் பிய்த்துக்கொண்டதை அவள் காய்கறி வாங்குவது போல முடித்துவிட்டாள். எனக்குக் கோபம்கூட வந்தது. இதைப் பற்றி எவ்வளவு படித்திருக்கிறேன், எவ்வளவு தெரியும் எனக்கு. ஆனால் அவள் அதற்குள் எழுத ஆரம்பித்திருந்தாள்.

வேலையைப் பங்கு போட்டுக்கொண்டோம். குண்டை வீசுவது, உருளவைப்பது, யார் குண்டு கிட்டே என்று பார்த்துப் புள்ளியை ஏற்றுவது என் பக்கம். ஆட்டத்தைத் தொடங்குவது, முறை மாற்றுவது, ஏறிய புள்ளியைத் திரையில் காட்டுவது அவள் பக்கம். பேர்களையெல்லாம் தமிழிலேயே வைப்போம், ஆங்கில எழுத்தில் தட்டுவோம் என்று பேசிக்கொண்டோம். புள்ளி, குண்டு, முறை, தூரம். அன்றைக்கு எங்களுக்குள் நடந்த பேச்சைப் போல அதற்கு முன் ரொம்ப நாளாக நடந்ததில்லை. காலேஜ் லேப் திரும்பி வந்த மாதிரி இருந்தது எனக்கு. பசிக்கவே இல்லை.

சாயங்காலம் இரண்டு பேர் எழுதியதையும் ஒன்றாகச் சேர்த்தோம். மண் நிறத்தில் மைதானம் வந்தது. மரக்குண்டு உருண்டு நின்றது. நான் விரலால் தள்ளினேன், சிவப்புக் குண்டு போய் மரக்குண்டை ஒட்டி நின்றது. அழகு. புள்ளி: சுழியம். மறுபடி ஆடினோம், அதைவிடக் கிட்டே. புள்ளி: சுழியம். அவள் ஆடினாள். அவளுக்கும் சுழியம்.

“அப்பவே நெனச்சேன்” என்றேன். “இந்த மொழி எதையும் கண்டுக்காது. ரஸ்டா இருந்தா இந்நேரம் சட்டையைப் புடிச்சுக் கேட்டிருக்கும்.”

“மொழி மேல பழி போடாத. ஒண்ணு ஒண்ணா சரி பாக்கலாம்.”

சரி பார்த்தோம். எதிர் எதிரே உட்கார்ந்துகொண்டு, அவரவர் திரையைப் பார்த்து உரக்கப் படித்தோம்.

“புள்ளி?” என்றாள்.

“புள்ளி” என்றேன்.

“குண்டு?”

“குண்டு.”

“தூரம்?”

“தூரம்.”

எல்லாம் சரியாக இருந்தது. மறுபடி ஆடினோம். சுழியம். மறுபடி உரக்கப் படித்தோம். சாயங்காலம் முழுக்க இதுவே பிழைப்பாகப் போனது. கடைசியில் தண்ணீர் குடிக்க எழுந்த நான் தற்செயலாக அவள் பக்கத்துத் திரையைப் பார்த்தேன். என் திரையில் pulli. அவள் திரையில் poulli. நான் gundu. அவள் goundou.

இங்கே ஒரு விஷயம். எங்கள் ஊரில் பழைய பிரெஞ்சு முறைப்படி பேர் எழுதுகிறவர்கள் உகரத்துக்கு ஓ, யூ என்று இரண்டு எழுத்துப் போடுவார்கள். சுப்புராயனோ முத்துவோ அந்தக் குடும்பங்களின் சான்றிதழில் ஆளே பருத்துத் தெரிவார்கள். என் மனைவி பிறந்ததிலிருந்து தன் பேரை அப்படித்தான் எழுதுகிறாள். நான் மில் தொழிலாளி மகன், தமிழ்நாட்டுக்காரர்கள் மாதிரி ஒற்றை யூ. காதுக்கு இரண்டும் ஒன்று. மெஷினுக்கு இரண்டும் வேறு வேறு ஆள். நான் ஏற்றிய புள்ளிகளெல்லாம் என் புள்ளியில் போய்ச் சேர்ந்துகொண்டே இருந்தன. அவள் காட்டிய புள்ளி சுழியத்திலேயே நின்றது. இப்படி ஒருத்தர் இல்லையே, எங்கிருந்து வந்தார் என்று அந்த மொழியும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“ஒரு உகரத்துக்கு எதுக்கு ரெண்டு எழுத்து?” என்றேன். “ஒங்க வீட்டுல எல்லாத்துலயும் ஆடம்பரம்.”

“அதுதான் சரி. ஒன்னோட எழுத்தை ‘பல்லி’ன்னும் படிக்கலாம். but-ஐ ‘பட்’டுன்னும் put-ஐப் ‘புட்’டுன்னும் படிக்கற இங்கிலீஷை வெச்சுக்கிட்டு நீ பேசாத.”

“ஊர் ஒலகமே அப்படித்தான் எழுதுது.”

“எந்த ஊரு? கோரிமேட்டு கேட்டுக்கு அந்தாண்ட இருக்கற ஊரு.”

சண்டை நன்றாகவே சூடு பிடித்தது. யார் எழுத்தை மாற்றுவது என்பதில் இரண்டு பேருமே இறங்கி வரவில்லை. நான் அவள் பாட்டன் முப்பாட்டன் பேர்களையெல்லாம் ஒற்றை யூவில் எழுதிக் காட்டினேன். அவள் கோபத்தில் விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றி, தன் பக்கத்தில் ‘புள்ளி’ என்று தமிழ் எழுத்திலேயே தட்டினாள்.

“அதெல்லாம் எடுத்துக்காது” என்றேன்.

“நீயும் மாத்து.”

மாற்றினேன். குண்டு, தூரம், முறை எல்லாவற்றையும் தமிழில் மாற்றினோம். ஓடவிட்டோம். ஒரு முணுமுணுப்புக்கூட இல்லாமல் எடுத்துக்கொண்டது. சிவப்புக் குண்டு உருண்டு மரக்குண்டுக்குப் பக்கத்தில் நின்றது. புள்ளி: ஒன்று.

நான் எழுந்து ஆடியே விட்டேன். கீழ்வீட்டுக்காரர் மேலே பார்த்திருப்பார். இத்தனை மொழி தேடியவனுக்குக் கடைசியில் சொந்த எழுத்து கைகொடுத்ததே என்று பேசிக்கொண்டே போனேன். அவள் அந்த ‘ஒன்று’ என்ற எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மொழி முடிஞ்சுது இல்ல?” என்றாள். “இப்ப சொல்லு. வர்றியா, வரலியா?”

“அளக்கற பகுதி ஒண்ணு பாக்கி இருக்கு. ரெண்டு குண்டும் ஒரே தூரத்துல நின்னா…”

“ஒரு விளையாட்டுக்கு எத்தினி மொழி பாத்த. ‘வரல’ன்னு சொல்ல ஒரு மொழி கெடைக்கலியா ஒனக்கு?”

சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

“பயமா இருக்கு” என்றேன். “இங்க நான் வாயைத் தொறந்தா நாலு பேரு சிரிப்பாங்க. அங்க வாயைத் தொறந்தா என்னைப் பாத்துச் சிரிப்பாங்க. ரெண்டும் ஒண்ணா? நீ வேலைக்குப் போயிடுவ. ரொட்டி வாங்கறதுக்குக்கூட நான் ஒன் கையைப் புடிச்சுக்கிட்டுப் போவணும். பேசாம இருந்தா நான் யாருன்னே எனக்குத் தெரியாது.”

“அப்ப வரல.”

“நீ ஆசைப்படற. நீ போய்ட்டு வா” என்றேன். பெருந்தன்மையாகத்தான் சொன்னேன். அவள் இல்லாத வீட்டை அந்த நிமிஷம்தான் முதன்முதலாக நினைத்துப் பார்த்தேன், எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

அவள் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டாள். அக்காவும் தங்கையும் சாதாரணமாகத் தமிழில்தான் பேசுவார்கள். பக்கத்தில் இருப்பவருக்குப் புரியக் கூடாது என்றால் மட்டும் பிரெஞ்சுக்குப் போய்விடுவார்கள். அது அந்த வீட்டு வழக்கம். அன்றைக்கு எடுத்த எடுப்பிலேயே பிரெஞ்சு. நான் படியில் நின்று ஒட்டுக்கேட்டேன், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, என் பெண்டாட்டி என் வாழ்க்கையைப் பற்றித்தானே பேசுகிறாள். ஒரு எழவும் புரியவில்லை. ஒரே ஒரு பேர் மட்டும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. பாஸான் லூயி. ஒவ்வொரு தடவையும் அதைச் சொல்லும்போது அவள் குரல் கெட்டியானது. கடைசித் தடவை மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்.

யார் இந்த பாஸான் லூயி?

கீழே வந்தவள் “சாப்பிடலாமா?” என்று மட்டும் கேட்டாள். பிரான்சைப் பற்றிய பேச்சே அதன் பிறகு எடுக்கவில்லை. எனக்கோ சோறு இறங்கவில்லை. முதியோர் இல்லத்து மேலதிகாரியாக இருக்குமா? அக்கா வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரனா? வேலைக்கு நடுவில் யாருக்காவது பேர் தட்டும்போது லூயி என்று வந்தால் கை நின்றுவிடும். அவளிடமே கேட்டிருக்கலாம். கேட்டால், ஆமாம், அப்படி ஒருத்தர் இருக்கிறார் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

மாமனாரிடம் மட்டும் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன்.

“மாமா, பாஸான் லூயின்னு யாரையாவது தெரியுமா?”

நான் அதை நம் ஊர்ப் பேர் மாதிரி அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். அவர் மோவாயைத் தடவினார்.

“லூயின்னா எங்க தெருவுலயே மூணு பேரு. பாஸான்… காரைக்கால் பக்கத்துக் குடும்பமா? எந்த ரெஜிமான்ல, எந்தப் பட்டாளத்துல இருந்தாரு?”

அவர் விட்டாரில்லை. மைதானத்தில் எல்லாரிடமும் விசாரித்து, ஒருவருக்கும் தெரியவில்லை என்று மறுநாள் வருத்தத்தோடு வந்து சொன்னார். அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில், வைத்திக்குப்பத்துக்கு மீன் வாங்கப் போகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, டவுனில் ஒரு துணிக்கடை மாடியில் நடக்கும் பிரெஞ்சு வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். பிரான்சுக்குப் போவதற்காக இல்லை. லூயியைக் கண்டுபிடிப்பதற்காக.

சொல்லிக்கொடுத்த மிஸ்ஸுக்கு என்னைவிட வயது கம்மி. அன்றைக்குக் காபிக் கடையில் எப்படிக் கேட்பது என்ற பாடம். என் பக்கத்தில் மகளைப் பார்க்கப் பிரான்சுக்குப் போகவிருந்த ஒரு சர்க்கரை நோயாளி அம்மா உட்கார்ந்திருந்தார்.

“பால் சேத்து வேணும்னா ‘அவெக்’. சக்கரை இல்லாம வேணும்னா ‘ஸான்’. ஸான் ஸுக்ர். எங்க, சொல்லுங்க.”

“ஸான் ஸுக்ர், ஸான் ஸுக்ர்” என்று அந்த அம்மா உடனே மனப்பாடம் செய்ய ஆரம்பித்தார். அவருக்கு அங்கே போய் உயிர் பிழைக்க இந்த இரண்டு சொல் போதும். நான் அந்த ‘ஸான்’ என்ற சத்தத்தை எங்கே கேட்டிருக்கிறேன் என்று யோசித்தேன். கையைத் தூக்கினேன்.

“மிஸ், ‘பா ஸான் லூயி’ன்னு ஒருத்தர் சொன்னா?”

“லூயி இல்ல சார், ‘லுய்’. அவரு, அவன்னு அர்த்தம். ‘பா’ன்னா இல்ல. ‘பா ஸான் லுய்’ன்னா, ‘அவரு இல்லாம இல்ல’. அவரு இல்லாம நான் போக மாட்டேன்னு சொல்ற மாதிரி. யாரு சொன்னாங்க?”

“பக்கத்து வீட்டுல” என்றேன்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சர்க்கரை இல்லாத காபிக்கு இவன் ஏன் அழுகிறான் என்பது போல அந்த அம்மா என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு மிஸ் என்ன சொல்லிக்கொடுத்தாள் என்று எனக்குத் தெரியாது. ஆணுக்கு ‘லுய்’ என்றால் பெண்ணுக்கு என்ன என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். ‘எல்’ என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து எங்கள் விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தாள்.

“மீன் எங்க?” என்றாள், தலையைத் தூக்காமல்.

“பா ஸான் எல்” என்றேன்.

அவள் விரல் நின்றது. மெதுவாகத் தலையைத் தூக்கினாள்.

“அன்னிக்கு ஒட்டுக்கேட்டியா?”

“கேட்டேன். புரியல. அதான் போய்ப் படிச்சுட்டு வந்தேன்.”

செல்போனைக் கீழே வைத்தாள். பிறகு, “அந்த வேலையை வேற யாருக்காவது குடுத்துடச் சொல்லிட்டேன்” என்றாள். “வந்தா ரெண்டு பேருமா வரோம், ஒனக்குப் பேச்சு வந்தப்பறம் வரோம், இல்லன்னா இங்கயே இருக்கோம்னு அக்காகிட்ட சொன்னேன். அவ திட்டுனா.”

அவளுக்கு உயிரான வேலை. இத்தனை நாளும் அதை விட்டுவிட்டுத்தான் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள், என்னோடு சீரியல் பார்த்திருக்கிறாள். நானோ உலகத்திலேயே இல்லாத ஒரு லூயியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். நாள் முழுக்கத் தமிழில் பேசிப் பிழைக்கிற நான், மறுபடியும் அந்த “பா ஸான் எல்” என்பதையே சொன்னேன்.

“நீ தப்பாச் சொல்ற” என்றாள் அவள். “‘எல்’னா அவ. வேற யாரையோ சொல்ற மாதிரி இருக்கு. எதிர்ல உக்காந்திருக்கறவகிட்ட சொன்னா ‘துவா’ன்னு சொல்லணும்.”

“பா ஸான் துவா.”

“மூக்கால சொல்லு.”

மூக்கால் சொன்னேன். இந்தத் தடவை எனக்கே சரியாகக் கேட்டது.

“இன்னொரு தடவை” என்றாள்.